முறைப்பாட்டுக் கதவு யாருக்கு? ஐரோப்பியப் பசுமைக் கட்சியினருக்குத் திருகோணமலையிலிருந்து ஒரு திறந்த மடல்

ஐரோப்பியப் பாராளுமன்றத்தின் பசுமைக் குழுவில் இருப்பவர்களுக்கும், அந்தக் கட்சிகளுக்காகத் தங்கள் ஊர்களில் படலை படலையாக ஏறி இறங்குபவர்களுக்கும்,

வணக்கம்.

இந்த மடலைத் தமிழில் எழுதுகிறேன். உங்களில் பலருக்கு வாசிக்க வராது என்பது தெரியும். அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. திருகோணமலையில் ஒரு தெருவை எடுத்தால் ஜெர்மனியிலோ பிரான்சிலோ டென்மார்க்கிலோ நெதர்லாந்திலோ ஆள் இல்லாத வீடு குறைவு. அவர்களில் சிலரிடம் உங்கள் கட்சியின் உறுப்பினர் அட்டையும் இருக்கிறது. மொழிபெயர்ப்பை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

என் அக்காவின் மகன் அப்படி ஒருவன். பத்து வயதில் இங்கிருந்து போனவன், இப்போது ஜெர்மன் பிரஜை. தேர்தல் வந்தால் உங்கள் பிரசுரங்களைச் சைக்கிள் பையில் நிரப்பிக்கொண்டு தெருத் தெருவாகப் போகிறான். தென்னமெரிக்காவின் மெர்கோசூர் நாடுகளுடன் ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பரில் முடித்துக்கொண்ட உடன்படிக்கையை எதிர்க்கும் பிரசுரம் ஒன்றைப் படம் பிடித்து எனக்கு அனுப்பியிருந்தான். "மாமா, நாங்கள் எதற்காக இதை எதிர்க்கிறோம் என்று எழுதியிருக்கிறேன். உங்கள் அபிப்பிராயம் என்ன?" என்று கீழே கேட்டிருந்தான்.

ஒரு வரியில் பதில் போடப் பார்த்தேன், வரவில்லை. கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் முப்பது வருடம் எழுதுவினைஞராக இருந்தவன் நான். எங்கள் கடிதங்கள் "மேற்படி விடயம் தொடர்பாக" என்று தொடங்கினால் மூன்று பிரதி எடுக்காமல் ஓயாது. எனவே மேற்படி விடயம் தொடர்பாக.

உங்கள் நிலைப்பாட்டை நான் விளங்கிக்கொண்டது இப்படி. நாடுகள் ஒன்றோடொன்று பண்டம் மாற்றுவதை நீங்கள் எதிர்க்கவில்லை. சுதந்திர வர்த்தக உடன்படிக்கை என்ற பெயரில் வரும் ஆயிரம் பக்கத்துக்குள் காடும் கடலும் தொழிலாளியும் கடைசி அத்தியாயத்தில் ஒதுங்கி நிற்க, கம்பனியின் இலாபத்துக்கு மட்டும் தனி நீதிமன்றம் கட்டிக் கொடுப்பதை எதிர்க்கிறீர்கள். பாரிஸ் காலநிலை உடன்படிக்கையையும் தொழிலாளர் உரிமைகளையும் மீறினால் தண்டனை இருக்கவேண்டும் என்கிறீர்கள். அமேசன் காட்டை எரித்து வளர்த்த மாட்டின் இறைச்சியும், ஐரோப்பாவில் தடைசெய்யப்பட்டு ஐரோப்பாவிலிருந்தே ஏற்றுமதியாகும் பூச்சிமருந்தும் ஒரே கப்பல் பாதையில் எதிரும் புதிருமாகப் போவது கேவலம் என்கிறீர்கள். இவற்றில் எதையும் நான் மறுக்கவில்லை. பரகுவாட் என்ற களைகொல்லியைக் குடித்து இங்கே எத்தனை வீடுகளில் சாவு விழுந்தது என்பதை எங்கள் ஆஸ்பத்திரிகள் அறியும். இலங்கை அதை 2008 முதல் 2011 வரை படிப்படியாகத் தடைசெய்தது. அந்த விடயத்தில் யாரும் எங்களுக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை.

என் பேச்சு, வெளிநாட்டு முதலீட்டாளர் ஒரு அரசாங்கத்தின் மீது நேரே வழக்குப் போடும் அந்தத் தனி நீதிமன்றத்தைப் பற்றியது. உங்களில் எத்தனை பேருக்கு அதன் பிறந்த ஊர் தெரியும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

உங்கள் தெருக்களுக்கு இந்த வாதம் 2013 இல் வந்தது, அமெரிக்காவுடன் டிடிஐபி என்ற வர்த்தக உடன்படிக்கைக்கான பேச்சுவார்த்தை தொடங்கியபோது. எங்கள் கரைக்கு அது 1987 ஜனவரியிலேயே வந்துவிட்டது. திருகோணமலையிலிருந்து கரையோரமாகத் தெற்கே போனால் மட்டக்களப்பு. வாவிக்கு அப்பால், படுவான்கரையில், கொக்கட்டிச்சோலைக்குப் பக்கத்தில் மகிழடித்தீவு. அங்கே ஒரு இறால் பண்ணை இருந்தது. செரண்டிப் சீ ஃபூட்ஸ் என்று பெயர். ஹொங்கொங்கில் பதிவான ஒரு கம்பனிக்கு அதில் பங்கு இருந்தது. 1987 ஜனவரி 28 ஆம் தேதி அரசாங்கத்தின் விசேட அதிரடிப்படையினர் அந்தப் பகுதியில் நடவடிக்கையில் இறங்கினார்கள். பண்ணை அழிந்தது. முகாமையாளர் உட்பட இருபதுக்கும் மேற்பட்ட பணியாளர்கள் கொல்லப்பட்டார்கள். சுற்றுக் கிராமங்களிலும் ஆட்கள் செத்தார்கள். இன்றும் ஒவ்வொரு ஜனவரியிலும் மகிழடித்தீவில் விளக்கேற்றுகிறார்கள்.

ஹொங்கொங் அப்போது பிரித்தானியாவின் கையில் இருந்தது. பிரித்தானியாவும் இலங்கையும் 1980 இல் முதலீட்டுப் பாதுகாப்பு உடன்படிக்கை ஒன்று செய்திருந்தன. அதைத் தூக்கிக்கொண்டு அந்தக் கம்பனி வொஷிங்டனில் உலக வங்கியின் குடையின் கீழ் இருக்கும் இக்சிட் நடுவர் மன்றத்துக்குப் போனது. கேட்டது எட்டு மில்லியன் டொலருக்கு மேல். 1990 ஜூன் 27 இல் மூன்று நடுவர்கள் தீர்ப்பளித்தார்கள்: 4,60,000 டொலரும் வட்டியும். இரு நாட்டு முதலீட்டு உடன்படிக்கை ஒன்றை அடிப்படையாக வைத்து அந்த மன்றம் அளித்த முதல் தீர்ப்பு அதுதான். உலகெங்கும் சட்டம் படிக்கும் பிள்ளைகள் அதை ஏஏபிஎல் வழக்கு என்று மனப்பாடம் செய்கிறார்கள். படுவான்கரையில் அதற்கு இறால் பண்ணைப் படுகொலை என்று பெயர்.

தீர்ப்பின் சாரத்தை முதன்முதலாக ஒரு சட்டத்தரணி நண்பர் எனக்கு விளக்கிச் சொன்னபோது நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அதற்கு மேல் சோறு இறங்கவில்லை. யார் எரித்தது, யார் சுட்டது என்பதை அந்த மன்றம் முடிவுசெய்யவில்லை. அதற்கு அவசியமும் இருக்கவில்லை. முன்கூட்டியே எடுத்திருக்கக்கூடிய கவனத்தை அரசாங்கம் எடுக்கவில்லை, ஆகவே பங்குக்காரரின் சொத்து பாதுகாக்கப்படவில்லை, ஆகவே காசு. கணக்கு அவ்வளவுதான். பண்ணையில் சேற்றில் நின்று வேலை செய்து செத்தவர்களின் மனைவிமார் அந்த வழக்கில் ஒரு தரப்பே இல்லை. அவர்களுக்கு வொஷிங்டனில் கதவு இல்லை. கொழும்பில் இருந்த கதவுகள் எப்படிப்பட்டவை என்பதைச் சொல்லி இந்த மடலை நீட்ட விரும்பவில்லை.

முதலீட்டாளர் நீதிமன்றம் வேண்டாம் என்று நீங்கள் பிரஸ்ஸல்ஸில் பதாகை பிடிக்கும்போது எங்கள் மகிழடித்தீவையும் ஒரு முறை சொல்லுங்கள். உங்கள் வாதத்துக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

உங்களுடைய சொந்தச் சாட்சியும் சின்னதல்ல. ஹம்பர்க்கில் மோர்பர்க் என்ற இடத்தில் வட்டன்ஃபால் என்ற சுவீடன் அரசுக் கம்பனி நிலக்கரி மின்நிலையம் கட்டியது. எல்பே ஆற்றிலிருந்து குளிரூட்டத் தண்ணீர் எடுத்துச் சூடாகத் திரும்ப விடுவதற்கு நகர நிர்வாகம் 2008 இல் கட்டுப்பாடு விதித்தது. அப்போது அந்த நகரின் சுற்றுச்சூழல் பொறுப்பு உங்கள் கட்சியிடம் இருந்தது. கம்பனி 2009 இல் எரிசக்தி முதலீடுகளைப் பாதுகாக்கும் எரிசக்திப் பட்டய உடன்படிக்கையைக் காட்டி 1.4 பில்லியன் யூரோ கேட்டு அதே இக்சிட்டுக்குப் போனது. கடைசியில் சமரசம். கட்டுப்பாடுகள் தளர்ந்தன, நிலையம் 2015 இல் ஓடத் தொடங்கியது, 2021 இல் மூடப்பட்டது. ஆற்று மீனுக்காக ஒரு பசுமைக் கட்சி போட்ட நிபந்தனையை ஒரு உடன்படிக்கை எப்படிக் கரைத்தது என்பதை நீங்கள் சொந்தக் கையால் தொட்டுப் பார்த்திருக்கிறீர்கள்.

அதை வாசித்தபோது எனக்குச் சம்பூர் ஞாபகம் வந்தது. திருகோணமலைத் துறைமுகத்திலிருந்து பார்த்தால் கொட்டியாரக் குடாவுக்கு அந்தப் பக்கம் தெரியும் கரைதான் சம்பூர். 2006 இல் குண்டு விழுந்து சனம் ஓடியது. கிளிவெட்டி, பட்டித்திடல் முகாம்களில் தகரக் கொட்டிலுக்குள் ஒன்பது வருடம். அவர்கள் முகாமில் இருந்தபோதே அவர்களுடைய காணியில் இந்தியாவின் அரச மின்கம்பனியும் இலங்கை மின்சார சபையும் சேர்ந்து 500 மெகாவாட் நிலக்கரி நிலையம் கட்டுவதாக முடிவாயிற்று. பக்கத்தில் 818 ஏக்கர் ஒரு தனியார் கைத்தொழில் வலயத்துக்கு. சூடான தண்ணீர் குடாவுக்குள் வந்தால் இறாலும் கீரிமீனும் கரையை விட்டுப் போய்விடும் என்று மூதூர்ப் பக்கத்துத் தொழிலாளர் பயந்தார்கள். எல்பே ஆற்றுக்காரரின் பயமும் அதேதான், மொழிதான் வேறு. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2016 செப்டம்பரில், சம்பூரில் நிலக்கரி நிலையம் கட்டமாட்டோம் என்று அரசாங்கம் நீதிமன்றத்தில் சொன்னது.

யாரும் எங்களிடம் நட்டஈடு கேட்டு வெளிநாட்டு மன்றத்துக்குப் போகவில்லை. அதை எங்கள் அதிர்ஷ்டக் கணக்கில்தான் எழுதவேண்டும். ஹம்பர்க் அளவு பணமுள்ள நகரமே வழக்குக்குப் பயந்து நிபந்தனையைத் தளர்த்தியது என்றால், வட்டிக்கு வட்டி கட்டும் நாடு என்ன செய்திருக்கும்?

இதில் உங்கள் வீட்டுக் கணக்கும் ஒன்று இருக்கிறது. ஜெர்மனியின் மிகப் பெரிய வங்கி, டொய்ச்ச வங்கி, எங்கள் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துடன் 2008 இல் எண்ணெய் விலை தொடர்பாகப் பந்தயம் போல ஒரு ஒப்பந்தம் செய்தது. சில மாதங்களில் எண்ணெய் விலை சரிந்தது. எங்கள் உச்ச நீதிமன்றமும் மத்திய வங்கியும் பணம் கட்டுவதை நிறுத்தின. ஜெர்மனி இலங்கை முதலீட்டு உடன்படிக்கையின்படி அந்த நிறுத்தல் தவறு என்று 2012 இல் நடுவர் மன்றம் தீர்த்தது. 60 மில்லியன் டொலருக்கு மேல், வட்டி தனி. கனடாவுடனும் மெர்கோசூருடனும் முடித்துக்கொண்ட உடன்படிக்கைகளைப் பற்றிக் கூட்டம் போடும் நீங்கள், உங்கள் அலுமாரியில் ஏற்கெனவே இருக்கும் இந்தப் பழைய இரு நாட்டு உடன்படிக்கைகளைத் தூசு தட்டிப் பார்த்தீர்களா? எரிசக்திப் பட்டயத்திலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்தை வெளியே கொண்டுவர உழைத்தீர்கள், 2024 இல் பாராளுமன்றம் அதற்குச் சம்மதமும் கொடுத்தது. மெச்சுகிறேன். அந்தப் பட்டயம் உங்கள் தலையில் விழுந்த கல். எங்கள் தலையில் விழுந்த கற்கள் இன்னும் அதே இடத்தில்தான் கிடக்கின்றன.

இனி கொஞ்சம் கசப்பாகச் சொல்லவேண்டும். எதிர்க்கட்சியில் இருக்கும்போது ஒரு பேச்சு, அமைச்சர் நாற்காலியில் ஏறியதும் ஒரு பேச்சு என்பது எங்கள் ஊர்க் கட்சிகளின் வியாதி என்று நினைத்திருந்தேன். கனடாவுடனான சீற்றா என்ற வர்த்தக உடன்படிக்கையை ஜெர்மன் பசுமைக் கட்சி வருடக்கணக்காக எதிர்த்தது. 2022 டிசம்பர் 1 ஆம் தேதி, கூட்டணி அரசாங்கத்தில் இருந்தபோது, அதே உடன்படிக்கையை அங்கீகரிக்க வாக்களித்தது. முதலீட்டுப் பாதுகாப்பின் அர்த்தத்தைச் சுருக்கும் விளக்கக் குறிப்பு ஒன்று சேர்க்கப்படும் என்று சமாதானம் சொன்னார்கள். என் மருமகனும் அந்தச் சமாதானத்தைத்தான் சொன்னான், கொஞ்சம் தாழ்ந்த குரலில். அதே வருடம் ஜூலையில் டச்சு மேல்சபையில் குருன்லிங்க்ஸ், உங்கள் குடும்பத்தின் இடதுசாரிப் பிள்ளை, கடைசி வரை எதிர்த்து வாக்களித்துத் தோற்றது. தோற்றவர்கள் பக்கம்தான் எனக்கு மதிப்பு அதிகம் என்று சொன்னால் கோபிக்காதீர்கள். விளக்கக் குறிப்புகளின் பலம் எங்களுக்கு நன்றாகத் தெரியும். பண்டாரநாயக்கவும் செல்வநாயகமும் 1957 இல் எழுதி அடுத்த வருடமே கைவிடப்பட்ட பண்டா செல்வா ஒப்பந்தம் தொடங்கி, எழுதிய தாள்களை நம்பிய அனுபவம் எங்களுக்கு நிறைய உண்டு.

சரி, உடன்படிக்கைக்கு மாற்று என்ன? நிபந்தனையோடு வர்த்தகம் என்கிறீர்கள். எங்கள் சந்தைக்கு வரவேண்டுமா, இந்த ஒழுங்கைக் கடைப்பிடி. கேட்க நியாயமாக இருக்கிறது. அந்த நியாயம் கரையில் வந்து இறங்கிய ஒரு காலையை நான் பார்த்திருக்கிறேன், அதை உங்களுக்குச் சொல்லவேண்டும்.

சட்டவிரோத மீன்பிடிக்கு எதிரான ஐரோப்பியச் சட்டம் 2010 இல் நடைமுறைக்கு வந்தது. உங்களுக்கு மனதுக்குப் பிடித்த சட்டம். அதன் கீழ் 2012 இல் இலங்கைக்கு மஞ்சள் அட்டை காட்டினார்கள். ஆழ்கடலுக்குப் போகும் படகுகளைக் கண்காணிக்க முறை இல்லை, மீறியவர்களுக்குத் தண்டனை போதாது என்பது குற்றச்சாட்டு. இரண்டு வருடம் கொழும்பு அசைந்து கொடுக்கவில்லை. 2014 ஒக்டோபரில் தடையை அறிவித்தார்கள். 2015 ஜனவரி நடுப்பகுதியில் தடை அமுலுக்கு வந்தது, ஜனாதிபதித் தேர்தல் முடிந்து ஆட்சி மாறிய அடுத்த வாரம். அதற்கு முன் 2013 இல் மட்டும் இங்கிருந்து ஐரோப்பாவுக்குப் போன சூரையும் வாள்மீனும் 74 மில்லியன் யூரோ பெறுமதி.

துறைமுகத்தில் எல்லோரும் கெலவல்லா என்று சிங்களப் பெயரிலேயே சொல்லும் மஞ்சள் சூரையை வாங்குவதற்கு ஒரு முறை இருக்கிறது. ஏற்றுமதிக்காரரின் ஆள் வருவார். சட்டைப்பையில் பென்சில் தடிப்பில் ஒரு இரும்புக் குழாய் வைத்திருப்பார். மீனின் விலாவில் அதைக் குத்தி இழுத்தால் உள்ளே சதை ஒரு திரி மாதிரி வரும். அதைப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து மெதுவாக நசுக்கி, வெளிச்சத்தில் பிடித்து நிறம் பார்ப்பார். சிவப்புத் துலக்கமாக, எண்ணெய்ப் பிசுபிசுப்போடு இருந்தால் முதல் தரம். அந்த இரண்டு விரல்களையே படகுக்காரர் எல்லோரும் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். மூன்று வாரம் கடலில் கிடந்ததன் பலன் அந்த இரண்டு விரல்களுக்கு நடுவில்.

அந்த ஜனவரியில் ஆள் வந்தார். குழாயைச் சட்டைப்பையிலிருந்து எடுக்கவே இல்லை. மீன்களைச் சுற்றி ஒரு நடை நடந்தார், சம்மாட்டியின் தோளில் தட்டினார், போய்விட்டார். ஐஸ் கடனும் டீசல் கடனும் போய்விடவில்லை. அன்று பத்து மணிக்குள் அந்த மீன் உள்ளூர்ச் சந்தைக்குத் துண்டு போடப்பட்டது. வெட்டிய பையன் துண்டுகளைப் பார்த்து, நல்ல நிறம் என்று சொன்னது எனக்கு இன்னும் காதில் நிற்கிறது.

எங்கள் கரைப் படகுகள் ஒரு பிழையும் செய்யவில்லை என்று நான் பொய் சொல்லமாட்டேன். எல்லை தாண்டிப் போனவர்கள் இருந்தார்கள். தடைக்குப் பிறகுதான் படகுகளில் கண்காணிப்புக் கருவி பூட்டப்பட்டது, பிடிபட்ட மீனின் விபரம் எழுதும் தினக்குறிப்பேட்டில் இறுக்கம் வந்தது. 2016 இல் தடை நீங்கியது. அந்த ஒழுங்கு கடலுக்கு நல்லது. ஆனால் அந்தக் குறிப்பேட்டை யார் நிரப்பினார்கள்? சங்க அலுவலகத்தில் என் மேசையில் வைத்து நான் நிரப்பினேன். ஓட்டி பீடிக்கட்டுத் தாளின் பின்பக்கத்தில் எழுதிவைத்த அகலக்கோட்டையும் நெடுங்கோட்டையும் வாசிப்பார். உப்புத் தண்ணீரில் பாதி எழுத்து கரைந்திருக்கும். மூன்றா எட்டா என்று இரண்டு பேரும் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்போம். அந்த ஒரு இலக்கம் மாறினால் அவர் பிடித்த மீன் இலங்கைக் கடலில் பிடிபட்டதா வேறு நாட்டுக் கடலில் பிடிபட்டதா என்பது மாறும். நிபந்தனை பிரஸ்ஸல்ஸில் எழுதப்பட்டது, கொழும்பு அலட்சியம் செய்தது, தண்டனை துறைமுகத்தில் விழுந்தது, தாள் வேலை என் மேசைக்கு வந்தது. இந்த நால்வரில் உடன்படிக்கை மேசையில் உட்கார்ந்தவர்கள் முதல் இரண்டு பேர் மட்டுமே.

இதே இந்து சமுத்திரத்தில் அதே மஞ்சள் சூரையை ஸ்பெயினினதும் பிரான்சினதும் பெரிய சுருக்குவலைக் கப்பல்கள் மிதவைகளைப் போட்டு மீனைத் திரட்டி அள்ளுகின்றன. சூரை அளவுக்கு மீறிப் பிடிக்கப்படுகிறது என்று பிராந்திய மீன்பிடி ஆணைக்குழு 2015 முதல் பல வருடம் எச்சரித்து வந்தது. 2023 பெப்ரவரியில் அந்த மிதவைகளுக்கு வருடத்தில் 72 நாள் ஓய்வு கொடுக்கவேண்டும் என்று கரையோர நாடுகள் தீர்மானம் நிறைவேற்றியபோது ஐரோப்பிய ஒன்றியம் முறைப்படி ஆட்சேபம் தெரிவித்தது. ஆட்சேபித்தால் அந்தத் தீர்மானம் ஆட்சேபித்தவரைக் கட்டாது. எங்கள் ஓட்டிக்கு அப்படி ஒரு ஆட்சேபப் படிவம் யாரும் தரவில்லை. அது ஐரோப்பிய ஆணைக்குழுவின் வேலை, உங்கள் குழுவின் வேலையல்ல என்பது சரி. ஆனாலும் உங்கள் நிபந்தனைப் பேச்சைக் கேட்கும் எங்கள் ஆட்களுக்கு பிரஸ்ஸல்ஸில் யார் யார் என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் ஜிஎஸ்பி பிளஸ் சலுகை பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனெனில் இதில் என் மனமே இரண்டாகத்தான் இருக்கிறது. மனித உரிமை, தொழிலாளர், சுற்றுச்சூழல் தொடர்பான 27 சர்வதேச உடன்படிக்கைகளை மதித்தால் இறக்குமதித் தீர்வையில் சலுகை. இலங்கை மீறியது என்று 2010 ஓகஸ்டில் சலுகையை நிறுத்தினார்கள், 2017 மே மாதம் திரும்பக் கொடுத்தார்கள். பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்கு என்று 2021 ஜூனில் ஐரோப்பியப் பாராளுமன்றம் 628 வாக்குகளால் தீர்மானம் போட்டது. அந்தச் சட்டத்தால் பிள்ளையை இழந்த வீட்டில் இருந்து பார்த்தால் அந்தத் தீர்மானம் கடவுள் அனுப்பியது. தையல் ஆலைக்கு விடிய நாலு மணிக்கு பஸ் ஏறும் மூதூர்ப் பெண்ணின் வீட்டில் இருந்து பார்த்தால் அதே தீர்மானம் வயிற்றில் நெருப்பு. சில வீடுகளில் இரண்டும் ஒரே வீடுதான். சலுகையை எடுத்துவிடுவோம் என்று மிரட்டும்போது அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்க உங்களிடம் வழி இருக்கிறதா?

இருக்கிறதா என்று நானே தேடிப் பார்த்தேன். 2020 நவம்பரில் ஐரோப்பிய ஆணைக்குழு முறைப்பாடுகளுக்கென்று ஒற்றை நுழைவாயில் ஒன்றைத் திறந்திருக்கிறது. வர்த்தகக் கூட்டாளி நாடு தொழிலாளர் உரிமையையோ சுற்றுச்சூழல் கடப்பாட்டையோ ஜிஎஸ்பி நிபந்தனையையோ மீறினால் அங்கே எழுதலாம். சந்தோஷத்தோடு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வாசித்தேன். யார் எழுதலாம்? ஐரோப்பிய ஒன்றிய நாடுகள், அங்கே பதிவான நிறுவனங்கள், அங்கத்தைய அமைப்புகள், தொழிற்சங்கங்கள், அங்கே பிரஜையாகவோ நிரந்தரமாகவோ வசிப்பவர்கள். இங்குள்ளவர்களுக்காக அங்குள்ள ஒருவர் எழுதலாம் என்று பிறகு விளக்கம் சொல்லியிருக்கிறார்கள்.

அதாவது, கொட்டியாரக் குடாவில் நடக்கும் ஒரு அநியாயத்தைப் பற்றி என் மருமகன் முறைப்பாடு செய்யலாம். குடாவின் கரையில் அறுபது வருடம் இருந்த நான் செய்ய முடியாது. அவனுக்குக் கீரிமீனுக்கும் சாளைக்கும் வித்தியாசம் தெரியாது, பாவம்.

முதலீட்டாளருக்கோ, எங்கள் அரசாங்கத்தைத் தாண்டி, எங்கள் நீதிமன்றத்தைத் தாண்டி, நேரே வொஷிங்டனுக்குக் கதவு. அவர் கேட்டால் மூன்று நடுவர்கள் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்லியே ஆகவேண்டும், அரசாங்கம் பணம் கட்டியே ஆகவேண்டும். கடற்றொழிலாளிக்கு உறவினரின் பாஸ்போட் வழியாக ஒரு மின்னஞ்சல் பெட்டி, அதைத் திறந்தவர் என்ன செய்யவேண்டும் என்ற கட்டாயம் இல்லாமல். உங்கள் கட்சி இந்தப் பெரிய கதவை மூடப் போராடுகிறது. நான் கேட்பது, மூடப் போராடும் அதே கையால் எங்கள் பக்கத்துக் கதவைத் திறக்கவும் தள்ளுங்கள் என்பதுதான். நிபந்தனை போடப்படும் நாட்டின் மனிதர், அவருடைய மொழியில், அவருடைய பெயரில் எழுதட்டும். தமிழிலும் சிங்களத்திலும் வரும் முறைப்பாட்டை மொழிபெயர்க்க ஐரோப்பாவிடம் காசு இல்லாமலா போய்விட்டது? எழுதினால் குறிப்பிட்ட நாளுக்குள் பதில் வரவேண்டும். தடை விதிக்கும் முன்பு பலநாள் படகுகளின் சங்கங்களைக் கேட்கவேண்டும், தடை காலத்தில் ஒழுங்காகக் குறிப்பேடு வைத்த படகின் மீனுக்கு வழி விடவேண்டும். இவற்றை உங்கள் அடுத்த தேர்தல் அறிக்கையில் போடுங்கள். முதலீட்டாளர் நீதிமன்றத்தை எதிர்ப்பதற்கும் மேலான ஒரு வரி அதில் இருக்கும்.

இன்னொன்றும் சொல்லாவிட்டால் இந்த மடல் உங்களுக்கு முகஸ்துதியாகிவிடும். நிலக்கரி போன சம்பூரில் இப்போது 120 மெகாவாட் சூரியசக்தித் திட்டம். 2025 ஏப்ரலில் இந்தியப் பிரதமர் இலங்கைக்கு வந்தபோது தொடங்கி வைத்தார்கள். நல்லது. ஆனால் அதே வருடம் முத்துநகர் விவசாயிகள், சூரியசக்திக்காகத் தாங்கள் உழுத காணி பறிபோகிறது என்று திருகோணமலைக் கச்சேரிக்கு முன்னால் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். வயலை இழந்தவருக்கு நிலக்கரிக் கறுப்பும் சூரியத் தகட்டின் நீலமும் ஒன்றுதான். பசுமை முதலீட்டுக்கு விசேட பாதுகாப்பு வேண்டும் என்று நாளைக்கு ஒரு உடன்படிக்கையில் யாராவது எழுதவந்தால், அது பசுமை என்பதாலேயே கையைத் தூக்கிவிடாதீர்கள். புல்மோட்டையில் இல்மனைட் மணலை அள்ளிப் பெரும்பாலும் அப்படியே கப்பலேற்றுகிறோம். அதை இங்கேயே பதப்படுத்தவேண்டும் என்று என்றாவது எங்களுக்குப் புத்தி வந்து ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தினால், இந்தோனேசியாவின் நிக்கலுக்காக உலக வர்த்தக நிறுவனத்தில் வழக்காடி 2022 இல் வென்ற ஐரோப்பிய ஒன்றியம் எங்களை என்ன செய்யும்? அன்று நீங்கள் எந்தப் பக்கம்? பற்றரிக்கும் காற்றாலைக்கும் கனிமம் வேண்டும் என்ற பக்கமா?

ஜிஎஸ்பி பிளஸ் கண்காணிப்புக் குழுக்கள் வரும்போது கொழும்பு ஹோட்டல்களில் அமைச்சர்களையும் அமைப்புகளையும் சந்தித்துவிட்டுப் போவதாகப் பத்திரிகையில் வாசிக்கிறேன். உங்கள் குழுவிலிருந்து யாராவது இலங்கைக்கு வந்தால், கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் ஏறுங்கள், விடியும்போது திருகோணமலை. நேரே படகுத்துறைக்கு வாருங்கள், அந்த நேரத்தில்தான் மீன் இறங்கும். உட்காரக் கதிரை இருக்காது, ஐஸ் பெட்டியின் மேல்தான் உட்காரவேண்டும். முதல் நாளே சொல்லிவிட்டால் ஓட்டியை வீட்டுக்குப் போகாமல் நிறுத்தி வைக்கிறேன். மருமகனையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், மொழிபெயர்க்க ஆள் வேண்டுமல்லவா. கீரிமீன் எது, சாளை எது என்று அவனுக்கும் காட்டிவிடலாம்.

இப்படிக்கு,
முன்னாள் எழுதுவினைஞர்,
கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்று,
திருகோணமலை.